திரும்பி வரும் வழி: பழைய ஜப்பானிய ஆர்பிஜி கேம்கள் ஏன் மனதைவிட்டுப் போவதில்லை?

1986 மே 27 அன்று ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்கு (டிவியோடு இணைத்து ஆடும் கருவி) ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற ஆர்பிஜி வெளிவந்தது. ஆர்பிஜி என்றால் கதையில் வரும் ஒரு பாத்திரமாகவே மாறி, படிப்படியாகப் பலம் சேர்த்து ஆடுகிற கேம். அதன் முதல் திரையில் ஒரு ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே நாம் நிற்கிறோம். உலகத்தைக் காப்பாற்று என்று அவர் சொல்லி முடித்ததும், சரி கிளம்பலாம் என்று பார்த்தால் அறைக்கதவு பூட்டியிருக்கிறது.

அந்தச் சின்ன அறையில் சில பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் பணம், ஒன்றில் தீப்பந்தம், இன்னொன்றில் சாவி. பெட்டியைத் திறக்கத் தெரிந்தால்தான் சாவி கையில் வரும். சாவியைப் பயன்படுத்தத் தெரிந்தால்தான் கதவு திறக்கும். படி இறங்குவதற்கும் தனியாக ஒரு கட்டளை உண்டு. பாத்திரம் நாலு பக்கமும் திரும்புகிற படங்களை வைக்கக்கூட, கேம் பதிந்த கார்ட்ரிட்ஜில் இடமில்லாததால், ஒருவரிடம் பேசும்போது எந்தத் திசையில் பேசுகிறோம் என்பதையும் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்து வெளியே வருவதற்குள், கேமை ஆடத் தேவையானது அத்தனையும் கைக்குப் பழகிவிடுகிறது. இப்படி ஒன்றை அதற்குமுன் பார்த்தே இராத சிறுவர்களுக்காக யோசித்துக் கட்டிய அறை அது.

கோட்டையைவிட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே ஒரு ஊர். இன்னொரு பக்கம், தண்ணீருக்கு அப்பால், கறுத்த ஒரு கோட்டை. எதிரியான டிராகன் அரசன் இருப்பது அங்கேதான். கேம் முடியப்போகிற இடம் முதல் நிமிடத்திலேயே கண்ணில் படுகிறது. நேராகப் போக முடிந்தால் சில எட்டு தூரம்தான், ஆனால் நடுவில் தண்ணீர் கிடக்கிறது. அந்தச் சில எட்டைக் கடப்பதற்காக நாம் நாடு முழுக்கச் சுற்ற வேண்டும். சுற்றிச் சுற்றி இந்தக் கோட்டைக்கே வருவோம். ஒவ்வொரு முறை வரும்போதும் எதிர்க்கரை கண்ணில் படும்.

எந்த ஜப்பானிய ஆர்பிஜி சிறந்தது என்ற பேச்சு வந்தால் கதைக்கு இத்தனை, இசைக்கு இத்தனை, சண்டைக்கு இத்தனை என்று மார்க் போடுவது வழக்கம். அப்படிப் பிரித்துப் பார்த்தால் முக்கியமான ஒன்று கைநழுவிப் போகிறது என்று நினைக்கிறேன். இந்த கேம்களை எடைபோட நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான். ஏற்கெனவே போன இடத்துக்கு மறுபடியும் போகும்போது என்ன நடக்கிறது? நல்ல கேம்களில் அப்போது ஏதோ ஒன்று மாறியிருக்கும், ஊரோ, நாமோ, இரண்டுமோ. என் மனதில் நிற்கிற கேம்கள் எல்லாமே இந்தத் திரும்பி வருதலை மையமாக வைத்துக் கட்டப்பட்டவை.

டிராகன் குவெஸ்ட்டை உருவாக்கிய யூஜி ஹோரி, வாராந்திர ஷோனென் ஜம்ப் என்ற படக்கதை இதழில் எழுதிக்கொண்டிருந்தவர். 1983இல் போர்ட்டோபியா என்ற துப்பறியும் கேமைச் செய்திருந்தார். 1981இல் அமெரிக்காவில் வந்த அல்டிமா, விசார்ட்ரி என்ற இரண்டு கணினி கேம்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. மேலிருந்து பார்க்கும் உலக வரைபடத்தை அல்டிமாவிலிருந்தும், எதிரியை நேருக்கு நேர் பார்த்துக் கட்டளை கொடுக்கும் சண்டையை விசார்ட்ரியிலிருந்தும் எடுத்துக்கொண்டார். அந்த அமெரிக்க கேம்கள் கடினமானவை. கையேடும் வரைபடத் தாளும் கீபோர்டும் இல்லாமல் ஆட முடியாது. ஹோரிக்கு இருந்ததோ நாலு திசைக்கட்டையும் சில பொத்தான்களும் கொண்ட ஒரு கன்ட்ரோலர்.

64 கிலோபைட்டில் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருந்தது. இன்று போனில் எடுக்கிற ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. கத்தகனா என்ற ஜப்பானிய எழுத்துவகையின் எழுத்துகள் அத்தனையையும் வைக்க இடமில்லாமல் 20 எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் வருகிறபடி பேய்பிசாசுகளுக்கும் ஆயுதங்களுக்கும் பெயர் வைத்தார்கள். ஓவியத்துக்குப் படக்கதை ஓவியர் அகிரா டோரியாமா வந்தார். ஹோரி ஒரு சேற்றுக்குவியல் மாதிரி வரைந்து கொடுத்த ஸ்லைம் என்ற குட்டிப் பிசாசு, டோரியாமா கைக்குப் போனதும் சிரிக்கிற ஒரு நீலத்துளியாகிவிட்டது. முதல் சண்டையில் எதிரே வந்து நிற்பது அந்தச் சிரிப்புதான்.

அந்த ஸ்லைமிடமிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. முதலில் இரண்டு மூன்று ஸ்லைம்களைச் சமாளிப்பதே பெரும்பாடு. ஒரு பாலத்தைத் தாண்டிவிட்டால் அங்கே இருப்பவை இன்னும் பலமானவை, இரண்டே அடியில் ஆள் காலி. ஆனால் செத்தால் என்ன ஆகிறது? ராஜாவின் முன்னால் கண் விழிக்கிறோம். கையில் இருந்த பணத்தில் பாதி போயிருக்கும். ஆனால் சேர்த்த அனுபவப் புள்ளி ஒன்றுகூடக் குறையாது. அதற்கு முந்தைய வருடம் வந்த சூப்பர் மாரியோவில் கை வேகம் இல்லாவிட்டால் கடைசிவரை போகவே முடியாது. இங்கே கை வேகம் இல்லாதவரும், சின்னக் குழந்தையும், பொறுமையாக ஆடினால் கடைசியில் டிராகன் அரசனைச் சாய்த்துவிடலாம். பட்ட பாடு எதுவும் வீண்போகாது என்ற உத்தரவாதத்தை ஹோரி விதியாகவே எழுதி வைத்துவிட்டார். பழைய ஆர்பிஜிகளில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இந்தக் கருணைதான்.

அப்புறம் ஒருநாள், நிறைய லெவல் ஏறியபிறகு, ஏதோ வேலையாக முதல் ஊர்ப்பக்கம் வருகிறோம். அதே ஸ்லைம் எதிரே வருகிறது. நம் பலம் அதனுடையதைவிட வெகுவாகக் கூடியிருந்தால் சில சமயம் அது திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடும். சண்டை நடக்கவே நடக்காது. ‘நீ வளர்ந்துவிட்டாய்’ என்று யாராவது வசனம் பேசியிருந்தால் மறந்துபோயிருக்கும். ஓடுகிற ஸ்லைம் மறப்பதில்லை.

விளையாட்டைச் சேமிப்பதற்கும் திரும்பித்தான் வர வேண்டும். ஜப்பானிய கார்ட்ரிட்ஜில் சேமிக்கும் வசதி கிடையாது. கோட்டைக்குப் போய் ராஜாவிடம் பேசினால் 20 எழுத்தில் ஓர் ‘உயிர்ப்பு மந்திரம்’ சொல்வார், அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்து தப்பினாலும் மறுநாள் அது வேலை செய்யாது. எத்தனை பிள்ளைகள் அதில் அழுதிருப்பார்கள்! இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்துவரை நீண்டது. மூன்றாம் பாகத்தில்தான் பேட்டரி வைத்துச் சேமிக்கும் முறை வந்தது. இது தொழில்நுட்பக் குறைபாடு என்பது உண்மைதான். ஆனால் அதனால் ஒவ்வொரு நாள் ஆட்டமும் கிளம்பிய அறையிலேயே முடிந்தது. எவ்வளவு தூரம் போனாலும் பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர வேண்டும் என்ற உணர்வை அது ஆடுபவருக்குள் விதைத்துவிட்டது.

இசையமைத்த கொய்ச்சி சுகியாமாவுக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது. தொலைக்காட்சிக்கும் விளம்பரங்களுக்கும் இசையமைத்துப் பழகியவர். ஃபேமிகாமில் மெட்டுக்குக் கிடைத்தவை மூன்று ஒலித்தடங்கள்தான். அதற்குள் அவர் செய்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். குகைக்குள் இறங்கும்போது ஒரு மெட்டு ஒலிக்கும். ஒரு தளம் கீழே போனால் அதே மெட்டு சுருதி இறங்கி, கொஞ்சம் மெதுவாக ஒலிக்கும். இன்னொரு தளம் கீழே போனால் இன்னும் தாழ்ந்து, இன்னும் மெதுவாக. தீப்பந்த வெளிச்சத்தில் ஒரு கட்டம், இரண்டு கட்டம்தான் தெரிகிறது, எத்தனை ஆழத்தில் இருக்கிறோம் என்பதைக் காதுதான் சொல்கிறது. மேலே ஏறி வரும்போது சுருதி படிப்படியாக உயரும். வெளியே வந்ததும் பயண இசை திரும்பக் கேட்கிற அந்த நொடியில் நெஞ்சு லேசாகிறது.

1988 பிப்ரவரி 10, ஒரு புதன்கிழமை, மூன்றாம் பாகம் வெளிவந்தது. கடை வாசல்களில் நீண்ட வரிசை. பள்ளிக்குப் போகாமல் நின்ற மாணவர்களைப் போலீஸ் பிடித்த செய்தி நாடெங்கும் பரவியது. அடுத்த இரண்டு பாகங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தன. இந்த மூன்றாம் பாகத்தில் பெரிய உலகம் ஒன்றைச் சுற்றி, பெரிய எதிரியை வென்று, எல்லாம் முடிந்தது என்று ஊருக்குத் திரும்புகிறோம். முடியவில்லை. ஒரு பள்ளத்தின் வழியே கீழே குதித்தால் அங்கே இருட்டில் இன்னோர் உலகம். கொஞ்ச தூரம் நடந்ததும் வரைபடம் எங்கோ பார்த்ததுபோல் இருக்கிறது. கோட்டை, பக்கத்தில் ஊர், எதிர்க்கரையில் இன்னொரு கோட்டை. முதல் கேமின் நாடு! இரண்டு வருடம் முன்பு ஆடிய இடத்துக்கு, அதற்கும் வெகு காலம் முந்தைய நாளில் வந்திருக்கிறோம். முதல் கேமில் எல்லோரும் பெயர் சொல்லிப் போற்றிய ஆதி வீரர் ரோத்தோ வேறு யாருமில்லை, இப்போது கன்ட்ரோலரைப் பிடித்திருக்கிற நாம்தான். 1986இல் ஸ்லைமிடம் அடிவாங்கிய அதே பையன் தன் முன்னோராகவே ஆகிவிடுகிறான்.

இதைவிட ஆழமாகத் தைத்தது 1992இல் வந்த ஐந்தாம் பாகம். அதில் நாம் முதலில் ஒரு சின்னப் பையன். அப்பா பாப்பாஸுடன் ஊர் ஊராகப் போகிறோம். சண்டையில் நம் அடியெல்லாம் சும்மா, அப்பாதான் எல்லாவற்றையும் முடித்து வைக்கிறார். சண்டை முடிந்ததும் அவரே நம் காயத்தையும் ஆற்றிவிடுகிறார், நாம் எந்தப் பொத்தானும் அழுத்த வேண்டியதில்லை. அப்பாவின் பலம் எவ்வளவு என்று கேம் வசனத்தில் சொல்லவில்லை, எண்களில் காட்டுகிறது. அந்த வயதில், சாந்த ரோசு என்ற நம் கிராமத்தில், அறிமுகமில்லாத ஒரு பயணி நம்மைப் பார்த்துப் பேசுகிறார். பையன் கையில் இருக்கும் பொன்னிற உருண்டையைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்கிறார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார், ஆறுதலாக நாலு வார்த்தை சொல்கிறார். விசேஷமாக எதுவும் நடந்ததாகத் தெரியாது.

கொஞ்ச நாளில் அப்பா கண்முன்னே கொல்லப்படுகிறார். அவரை நம்பியே சண்டை போட்டுப் பழகிய நமக்கு, அந்த நேரத்தில் செய்வதற்கு எந்தக் கட்டளையும் இல்லை. பத்து வருடம் அடிமையாகக் கல் சுமக்கிறோம். தப்பி வருகிறோம், கல்யாணம் நடக்கிறது, குழந்தைகள் பிறக்கின்றன, கல்லாகச் சபிக்கப்பட்டு எட்டு வருடம் நிற்கிறோம். உலகைக் காக்கப் பிறந்த வீரன் நாம் இல்லை, நம் மகன் என்று தெரிகிறது. இத்தனைக்கும் பிறகு, உடைந்துபோன ஒரு பொருளுக்காக, கடந்த காலத்துக்குள் நுழைகிறோம். கண் திறந்தால் அந்தக் கிராமம். பழைய இசை. எதிரே ஒரு சின்னப் பையன் நிற்கிறான், கையில் பொன்னிற உருண்டை.

அந்தப் பயணி நாம்தான். இருபது மணி நேரத்துக்கு முன்பு பெரிதாகக் கவனிக்காமல் கடந்த பேச்சை இப்போது மறுபக்கத்திலிருந்து பேசுகிறோம். வீட்டுக்குள் அப்பா உயிரோடு இருக்கிறார், அவரிடம் போய்ப் பேசலாம். நடக்கப்போவது தெரிந்தும் எதையும் மாற்ற முடியாது. அந்தப் பையனிடம் சொல்ல முடிந்ததெல்லாம், என்ன துக்கம் வந்தாலும் மனம் தளராதே என்பதுதான். புத்தகத்தில் படித்தாலும் இது நெகிழ வைக்கும். ஆனால் அந்தப் பையனை நடத்திப் போனதும் நம் கட்டைவிரல், இந்த மனிதனை நடத்தி வந்ததும் அதே கட்டைவிரல். இடையில் கழிந்த நேரம் நம் வாழ்க்கையில் கழிந்த நேரம். படிக்கும்போது கிடைக்காத கனம் அதனால் வருகிறது.

ஃபைனல் ஃபேன்டசி என்ற இன்னொரு ஆர்பிஜி தொடரின் ஆறாம் பாகம் (1994) வேறு வகையில் திரும்பி வர வைக்கிறது. பதினான்கு பேர் கொண்ட பெரிய கூட்டம், அழகான இசைநாடகக் காட்சி, கெஃப்கா என்ற கொடூரன். பாதிக் கேமில் அந்தக் கெஃப்கா ஜெயித்துவிடுகிறான். உலகம் உண்மையிலேயே அழிகிறது. ஒரு வருடம் கழித்து, செலஸ் என்ற ஒரே ஒருத்தி ஒரு குட்டித் தீவில் கண் விழிக்கிறாள். தாத்தாபோல இருக்கும் சித் நோயில் கிடக்கிறார். கடற்கரைக்குப் போய் நல்ல மீனாகப் பார்த்துப் பிடித்து ஊட்ட வேண்டும். வேகமாக நீந்துகிற மீன் நல்லது, மெதுவாக ஊர்கிற மீன் ஆகாது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பலருக்கு அவர் இறந்துதான் போகிறார், கேம் அதை ஏற்றுக்கொண்டு மேலே நகர்கிறது.

அந்தத் தீவைவிட்டு வெளியே வந்தால் தெரிந்த ஊர்களெல்லாம் இருக்கின்றன, ஆனால் இடம் பெயர்ந்து, சிதைந்து. முதல் பாதியில் வரைபடத்தில் ஒலித்த கம்பீரமான மெட்டு போய், காற்றின் ஓசையோடு ஓர் ஆர்கன் இழைகிறது. பழைய நண்பர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். கடைசிக் கோபுரத்துக்குள் போக மூன்று பேர் இருந்தால் போதும், மற்றவர்களைத் தேடியே ஆக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. இரண்டாவது ஆகாயக் கப்பல் கிடைத்து அது மேலே எழும்பும்போது, இசையமைப்பாளர் நொபுவோ உயெமட்சுவின் ‘நண்பர்களைத் தேடி’ என்ற மெட்டு தொடங்கும். அதைக் கேட்டுவிட்டு நேராகக் கோபுரத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நான் ஒருவரையும் விடாமல் தேடினேன். கட்டாயமில்லாத வேலையைக் கட்டாயம் செய்தே ஆக வேண்டும் என்று நமக்கே தோன்ற வைப்பதுதான் அந்த இரண்டாம் பாதியின் சாதனை.

அதே வருடம் வந்த ‘மதர் 2’, ஷிகெசாத்தோ இத்தோயி எழுதியது, இன்னும் எளிமையாக இதைச் செய்தது. தொடக்கத்தில் நமக்குப் பிடித்த சாப்பாடு எது என்று கேட்கும். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா அதைச் சமைத்துப் போட்டுத் தூங்க வைப்பாள். அப்பாவுக்கு போன் செய்தால்தான் கேம் சேமிக்கப்படும். ரொம்ப நாள் வீட்டுப் பக்கம் போகாவிட்டால் நாயகனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். அது வெறும் வசனமாக நிற்பதில்லை. சண்டையில் அவன் வீட்டை நினைத்துக்கொண்டு அடிக்க மறந்து நிற்பான். மருந்து கிடையாது, அம்மாவுக்கு ஒரு போன் செய்து குரலைக் கேட்டால் சரியாகிவிடும். வெளியூரில் வேலை பார்த்திருக்கிற யாருக்கும் இந்த விதியை விளக்க வேண்டியதில்லை.

இனி ‘க்ரோனோ டிரிகர்’. 1995 மார்ச் 11 அன்று, ஃபேமிகாமுக்கு அடுத்த கன்சோலான சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்தது. ஃபைனல் ஃபேன்டசியை உருவாக்கிய ஹிரோனொபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்ட்டின் ஹோரி, டோரியாமா மூவரும் சேர்ந்தார்கள். அன்றைக்குப் போட்டி நிறுவனங்களாக இருந்தவற்றின் முதன்மையானவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள் என்றால் எவ்வளவு பெரிய விஷயம்! நான் இதை வெகு காலம் கழித்து, போனில் வந்த பதிப்பில்தான் ஆடினேன். ஆனாலும் அது பழசாகத் தோன்றவில்லை.

கால இயந்திரக் கதை என்பதால் திரும்பி வருதல் இங்கே கேமின் உடலாகவே ஆகிவிட்டது. ஒரே நிலப்பரப்பை கி.மு. 6 கோடியே 50 லட்சம், கி.மு. 12,000, கி.பி. 600, 1000, 2300 என்று வெவ்வேறு காலங்களில் நடந்து பார்க்கிறோம். எதிரிகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறபடி நடமாடுகிறார்கள், சண்டை அதே இடத்தில் தொடங்குகிறது, வேறு திரைக்குத் தாவுவதில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரே அடியாக அடிக்கும் கூட்டு உத்திகள் உண்டு. அதற்கு இருவரின் முறையும் வரும்வரை காத்திருக்க வேண்டும். நட்பு என்ற சொல்லே இல்லாமல் நட்பைச் சண்டையில் பழக்கிவிடுகிறது.

அதன் தொடக்கத்தில் வருகிற திருவிழாவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நாம் ஆடும் நாயகன் க்ரோனோ ஒரு பெண்மீது மோதுகிறான். அவள் விழுகிறாள், அவள் கழுத்துச் சங்கிலியும் தெறித்து விழுகிறது. நாம் முதலில் அவளிடம் போகலாம், அல்லது சங்கிலியை எடுக்கலாம். பிறகு ஒரு வியாபாரி அந்தச் சங்கிலியை விலைக்குக் கேட்பார். அவள் மிட்டாய் பார்த்து நிற்கும்போது பக்கத்தில் பொறுமையாக நிற்கலாம், இழுத்துக்கொண்டும் போகலாம். ஒரு சின்னப் பெண்ணின் பூனையைத் தேடிக் கொடுக்கலாம். மேசையில் யாரோ வைத்திருக்கும் சாப்பாட்டை எடுத்துத் தின்னலாம், தின்றால் சக்தி கூடும். ஆர்பிஜி ஆடிப் பழகியவர் என்ன செய்வார்? கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பார். அதுதான் எல்லா கேமிலும் வழக்கம்.

சில மணி நேரம் கழித்து அதே க்ரோனோ நீதிமன்றத்தில் நிற்கிறான், இளவரசியைக் கடத்தியதாகக் குற்றச்சாட்டு. அந்தப் பெண்தான் இளவரசி. வழக்கு நடக்கிறது. முதலில் சங்கிலியைத்தானே எடுத்தாய்? அதை விற்கப் பார்த்தாயா? ஒரு பெரியவரின் சாப்பாட்டைத் தின்றாய் அல்லவா? திருவிழாவில் சந்தித்தவர்கள் ஒவ்வொருவராக சாட்சி சொல்ல வருகிறார்கள். பூனையைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அந்தச் சின்னப் பெண் நமக்காகப் பேசுகிறாள். ஏழு நடுவர்கள் ஒவ்வொருவராக நடந்து போய் ஒரு பக்கம் நிற்கிறார்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் சிறைதான், கதை மாறாது. ஆனாலும் முதன்முறை ஆடியவர் அந்தக் காட்சியில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்த சின்னச் செயல்களை இந்த உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதன்பிறகு அந்த உலகத்தில் எதைத் தொட்டாலும் கொஞ்சம் யோசித்தே தொடுகிறோம்.

கி.பி. 2300க்குப் போனால் உலகம் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. குவிமாடங்களுக்குள் மிஞ்சிய சிலர். அங்கே ஒரு சக்தி இயந்திரம் உண்டு, உள்ளே நுழைந்தால் எச்பி, அதாவது உயிர்ப்புள்ளி, முழுக்க நிரம்பிவிடும். ஆனால் பசி மட்டும் தீரவில்லை என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியில் எண்கள் நிரம்புவதும் உயிர் வாழ்வதும் வேறு வேறு என்பதை ஆடுபவர் உடம்பால் உணர்கிறார். இதற்குமுன் எத்தனையோ விடுதியில் தூங்கி எச்பி நிரப்பியிருக்கிறோம், ஒருமுறைகூடப் பசி ஞாபகம் வந்ததில்லை. அப்புறம் ஒரு பழைய காணொளியில் 1999இல் லாவோஸ் என்ற உயிர் பூமியைப் பிளந்து வெளியே வருவதைப் பார்க்கிறார்கள். இதை மாற்ற வேண்டும் என்று முதலில் முடிவெடுப்பவள் அந்த இளவரசி மார்ல். திருவிழாவுக்கு வேடிக்கை பார்க்க வந்தவள்.

எனக்கு மிகப் பிடித்தது ரோபோவின் காடு. கி.பி. 600இல் ஒரு பெண் பாலைவனத்தில் மரம் வளர்க்கப் போராடுகிறாள். மனித ஆயுள் அதற்குப் போதாது. நம் குழுவில் இருக்கும் ரோபோ, நான் இங்கேயே இருந்து உதவுகிறேன் என்கிறான். அவனை அங்கே விட்டுவிட்டு நாம் 1000ஆம் ஆண்டுக்குப் பறக்கிறோம். நமக்கு அது ஒரு நிமிடம், அவனுக்கு 400 வருடம். போய்ப் பார்த்தால் பாலைவனம் இருந்த இடத்தில் அடர்ந்த காடு, நடுவே ஒரு கோயில், உள்ளே துருப்பிடித்து நிற்கிறான் ரோபோ. குழுவில் இருக்கும் லூக்கா என்ற பெண் அவனைச் சரிசெய்கிறாள். அன்று இரவு காட்டில் தீமூட்டி எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். மனிதர்கள் திரும்பிப் போக ஆசைப்படுகிற ஒரு நாள் எல்லோருக்கும் இருக்கும் என்ற ரீதியில் பேச்சு போகிறது.

அந்த இரவில் லூக்காவுக்கு மட்டும் ஒரு வாசல் திறக்கிறது. அவள் சிறுமியாக இருந்தபோது அம்மாவின் பாவாடை ஒரு இயந்திரத்தில் சிக்கிக் கால்கள் போயின. அந்த நாளுக்கே போய்ச் சேர்கிறாள். இயந்திரத்தை நிறுத்த ஒரு சங்கேதச் சொல் வேண்டும், அது அம்மாவின் பெயர், லாரா. சூப்பர் ஃபேமிகாம் கன்ட்ரோலரில் எல், ஏ, ஆர் என்ற பொத்தான்கள் இருக்கின்றன. நாம் அந்தப் பெயரைக் கைவிரலால் அழுத்திச் சொல்ல வேண்டும், சில நொடிகளுக்குள். தவறிவிட்டால் கேம் தண்டிப்பதில்லை, திரும்ப வாய்ப்பு தருவதும் இல்லை. சரியாக அழுத்தியிருந்தால், பிறகு லூக்காவின் வீட்டுக்குப் போகும்போது நாற்காலியிலேயே இருந்த அம்மா நடந்துகொண்டிருப்பாள். நான் போய்ப் பார்த்தேன். அவள் அறைக்குள் அங்குமிங்கும் நடப்பதைச் சும்மா நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த கேமுக்கு இசையமைத்த யசுனொரி மிட்சுதா அதுவரை, ஃபைனல் ஃபேன்டசியை வெளியிட்ட ஸ்கொயர் நிறுவனத்தில் சத்த விளைவுகளைச் செய்துகொண்டிருந்த இளைஞர். இசையமைக்க விடாவிட்டால் வேலையை விடுகிறேன் என்று சகாகுச்சியிடம் போய் நின்றார், அவர் இந்த வேலையையே கொடுத்துவிட்டார். எட்டு ஒலித்தடங்கள், ஒலிக்கென 64 கிலோபைட் நினைவகம். வேலைப்பளுவில் வயிற்றுப்புண் வந்து மருத்துவமனையில் படுத்தார், மீதிப் பாட்டுகளை உயெமட்சு முடித்துக் கொடுத்தார். 2021 ஜூலை 23 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பு டிராகன் குவெஸ்ட்டின் முகப்பிசையோடு தொடங்கியது, க்ரோனோ டிரிகரின் மெட்டுகளும் அதில் ஒலித்தன.

எல்லாப் பழைய ஆர்பிஜியும் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. டிராகன் குவெஸ்ட் இரண்டாம் பாகத்தின் ரொண்டார்கியா குகையை ஆடியவர்களுக்குத் தெரியும், சில எட்டுக்கு ஒருமுறை சண்டை, தரையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள். அங்கே திரும்பி வருவது தண்டனை மட்டுமே, வந்து பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. மணிக்கணக்கை நீட்டுவதற்காக ஒரே வழியில் நாலு முறை நடக்க வைத்த கேம்கள் ஏராளம். நூறு மணி நேரம் ஓடுகிறது என்பதைப் பெருமையாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. க்ரோனோ டிரிகர் முதல் முறை ஆட இருபது மணி நேரம் அல்லது கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் அதில் வீணான நடை மிகக் குறைவு.

அந்த இருபது மணி நேரம் முடிந்தபிறகும் ஒரு திரும்புதலை அது வைத்திருந்தது. ஒருமுறை முடித்தவருக்கு ‘பலத்தோடு புது ஆட்டம்’ என்ற புதிய வழி திறக்கும். சேர்த்த லெவல், ஆயுதம் எல்லாவற்றோடும் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். எப்போது போய் லாவோஸை வெல்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவுகள் மாறும், அப்படிப் பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன. விருப்பப்பட்டால் திருவிழாவிலேயே ஓர் இயந்திரத்தில் மின்னுகிற ஒளியைத் தொட்டு, நேராகக் கடைசிச் சண்டைக்குப் போய்விடலாம்.

நான் அப்படிப் போகவில்லை. அம்மா வந்து திரைச்சீலையை விலக்குகிறாள், வெளியே திருவிழாவின் மணி ஒலிக்கிறது, எழுந்திரு க்ரோனோ என்கிறாள். சதுக்கத்துக்குப் போனேன். எதிரே அந்தப் பெண் ஓடிவந்து மோதினாள், சங்கிலி தள்ளிப் போய் விழுந்தது. இந்த முறை முதலில் அவளிடம் போனேன். பிறகு பூனையைத் தேடப் போனேன்.